சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் கட்டுப் போடுவது எப்படி, ஐஸ் எவ்வளவு நேரம் வைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பிழை பிடிப்பீர்கள்.

நான் எழுத வந்தது பொய்யைப் பற்றி. உதைபந்தாட்டக்காரன் தன் பிசியோவிடம் சொல்லுகிற பொய். இதை உங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். ஆனால் வேலையில் பாதி இதுதான்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கழகத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை பிசியோவாக இருந்தேன். மாதச் சம்பளத்துக்கு விளையாடுகிற பிள்ளைகள். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, கட்டைபறிச்சான், நகரம் என்று நாலு பக்கத்திலிருந்தும் வருவார்கள். காலையில் மைதானத்தில் படுத்திருக்கிற மான்களைக் கலைத்துவிட்டுத்தான் பயிற்சி தொடங்கும். என்னை எல்லோரும் "டொக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டொக்டர் இல்லை என்று சில மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வரத் தொடங்கினார்கள், விட்டுவிட்டேன்.

கழகத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டிகூட இருக்கவில்லை. மீன் வாடியிலிருந்துதான் ஐஸ் வரும். எங்கள் அணியின் கணுக்கால் எல்லாவற்றிலும் கீரிமீன் மணந்தது. வலது பக்கம் ஓடுகிற ஒருவனுக்குப் பின்னால் பஸ் நிலையம்வரை பூனைகள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பொய்க்கு வருவோம். விளையாட்டுக்காரர்கள் பேசுவது ஒரு தனிப் பாஷை. "சாகப்போறன் டொக்டர்" என்று ஒருவன் புல்லில் புரண்டால் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்திருக்கிறது, ஒரு சோடா குடித்தால் எழும்பி ஓடுவான். "கொஞ்சம் நோகுது" என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். "ஒண்டும் இல்லை" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் வீட்டுக்காரருக்குத் தகவல் அனுப்புங்கள். வீட்டில் கறிக்கு உப்புக் குறைந்தால் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவன், முறிந்த விரலோடு முழு ஆட்டமும் ஓடுவான். ஏன் என்று கேட்டால், "பெடியங்களை விட்டுட்டு எப்பிடி வாறது?" என்பான். அந்தப் பெடியங்களில் பாதிப்பேர் பயிற்சிக்கு நேரத்துக்கு வராதவர்கள். இருந்தாலும் அவன் சொல்லுவதில் பொய் இல்லை, அதுதான் சங்கடம்.

எனக்கு முன் அந்தக் கழகத்தில் வேலை பார்த்தவர் ஒரு சிடுமூஞ்சி மனிதர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருடைய பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒருவரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அவருக்குக் கீழே நான் வேலை பழகிய காலத்தில் ஒருநாள் ஒருவன் கால் பிரண்டு விழுந்தான். நான் ஓடிப்போய், நீ வெளியே வரத்தான் வேண்டும் என்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவன் ஏலும் என்றான், நான் ஏலாது என்றேன், நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பெரியவர் ஆடி அசைந்து வந்தார், குனிந்தார், காயத்தைப் பார்க்கிற மாதிரி அவனுடைய சப்பாத்தைக் கழற்றினார், கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சப்பாத்து இல்லாமல் விளையாட விதி இடம் தராது. அந்தப் பெடியன் ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு அவருக்குப் பின்னால் வெளியே வந்தான்.

"விளையாட்டுக்காரனோட கதைச்சு வெல்ல ஏலாது" என்றார் என்னிடம். "சப்பாத்தைக் கழட்டு. பிறகு இருந்து கதை."

அவரிடம் நான் படித்தது இது ஒன்றுதான்.

எங்கள் அணித் தலைவன் சுதன். பாலையூற்றுப் பெடியன், கோல் காப்பாளன். நல்ல பிள்ளை, ஆனால் ஒரு மாதிரியான பிறவி. தோற்றால் ஏசுவான், வென்றால் அழுவான். ஒவ்வொரு வெற்றிக்கும் குழந்தைப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுவான், மற்றவர்கள் தோளில் தட்டிச் சமாதானப்படுத்துவார்கள். அந்த வருடம் நாங்கள் அவ்வளவாக வெல்லவில்லை, ஆகையால் பெரும்பாலும் ஏச்சுத்தான்.

அவனுக்கும் எனக்கும் முறுகல் வந்தது கிளிவெட்டிக் கஜனால். தலையில் அடிபட்டவனிடம் ஐந்து கேள்வி கேட்பது நம் தொழிலில் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது எங்கே விளையாடுகிறோம், இது எத்தனையாவது பாதி, கடைசி கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் வென்றோமா. மூளை குலுங்கியவன் இதில் எங்காவது தடுமாறுவான். நானும் வருடக்கணக்காக இதே ஐந்தையும் இதே வரிசையில் கேட்டு வந்தேன்.

ஒரு ஆட்டத்தில் கஜனுக்குத் தலையில் பந்து பட்டது. போய்க் கேட்டேன். கடைசி கோல் போட்டது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. போன ஆட்டம் யாரோடு என்றும் தெரியவில்லை. வெளியே எடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, கஜனுக்கு இது எப்போதுமே தெரியாது. பந்து தன்னிடம் வந்தால் அடிப்பான், வராவிட்டால் கடலில் நிற்கிற கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது, சுதன் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

கதைக்காமல் அவன் வேறு வேலை பார்த்தான். அணி முழுவதற்கும் ரியூஷன் தொடங்கினான். பஸ்ஸில், சாப்பாட்டுக் கடையில், உடை மாற்றுகிற அறையில், எங்கே இருந்தாலும் என்னுடைய ஐந்து கேள்விகளுக்கும் விடை பாடமாக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் புதிய விடைகள். கோல் விழுந்தால் சுதன் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று புதிய விடையைக் கத்துவான். எதிரணியினர் அவனுக்குத் தலையில் ஏதோ வருத்தம் என்று நினைத்தார்கள். கஜன்கூட ஐந்துக்கு மூன்று வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டான். ஒருவனையும் நான் வெளியே எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுடைய எண்ணம். ஒருவனை ஒருவன் காப்பாற்றுவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

லீக்கின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. தோற்காவிட்டால் மேல் பிரிவில் இருக்கலாம். தோற்றால் கீழே போக வேண்டும், கீழே போனால் பலருக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் இருக்காது. இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது, ஆளுக்கு ஒரு கோல். மாற்று வீரர்களை எல்லாம் எங்கள் பயிற்சியாளர் மாஸ்டர் ஏற்கெனவே இறக்கி முடித்துவிட்டார். இனி யாராவது வெளியே வந்தால் பத்துப் பேரோடுதான் விளையாட வேண்டும்.

எங்கள் பின்வரிசையில் நின்றவன் ஃபாரிஸ், கிண்ணியாக்காரன். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் பக்கம் கோர்னர் வந்தால் எல்லாப் பந்தும் அவன் தலையில்தான் போய் முடியும். அன்றைக்கும் ஒரு கோர்னர் வந்தது. ஃபாரிசும் எதிரணிக்காரன் ஒருவனும் சேர்ந்து எழும்பினார்கள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். எதிரணிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு உருண்டான். ஃபாரிஸ் உடனே எழும்பி உட்கார்ந்தான். நான் பையோடு ஓடினேன்.

அவன் முன்னால் முழங்காலில் நின்று, "எங்க நோகுது?" என்று கேட்டேன்.

"திருகோணமலை" என்றான் ஃபாரிஸ்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் தொடர்ந்தான். ரெண்டாம் பாதி, என்றான். கோல் போட்டவனுடைய பெயரைச் சொன்னான். போன கிழமை விளையாடிய அணியைச் சொன்னான். தோத்திட்டம், என்று முடித்தான். எல்லாம் சரி. வரிசைகூடப் பிசகவில்லை.

பின்னால் சுதன் ஓடி வந்து நின்றான். அவன் முகத்தில் தன் மாணவன் பரீட்சையில் தேறிய பெருமை.

"பாத்தீங்களா டொக்டர், அஞ்சுக்கு அஞ்சு."

"சுதன், நான் இன்னும் ஒரு கேள்வியும் கேக்கேல்ல."

அவன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியவுடன் விட்டுக்கொடுத்தால் அவன் சுதன் இல்லையே. டொக்டர், கொஞ்ச நேரம்தான் கிடக்கு, அவன் சும்மா நிண்டாலே போதும் என்று கெஞ்சத் தொடங்கினான். மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று என் பரம்பரையை இழுத்து ஏசினார். நடுவர் முடிவைச் சொல்லச் சொன்னார். ஃபாரிஸ் எழும்பி நின்று, தனக்கு ஒன்றும் இல்லை என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே நிச்சயம் இல்லை. பதினொரு பேருடைய சோற்றில் கை வைக்கிறேன் என்று தெரியும். அவனுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கஜன் விஷயத்தில் நான் பிழை விட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, என்னைத் தவிர வேறு யாரும் அன்றைக்கு ஃபாரிசை வெளியே எடுக்கச் சொல்லவில்லை.

"கால் எப்பிடி எண்டு பாப்பம்" என்று குனிந்தேன். அடிபட்டது தலை. காலை ஏன் பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுகமாயிருந்தால் ஃபாரிசே கேட்டிருப்பான். அவனோ ஒரு கையை என் தோளில் ஊன்றி, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரிக் காலைத் தூக்கித் தந்தான். சப்பாத்தைக் கழற்றினேன். எழும்பி ஓடத் தொடங்கினேன்.

பெரியவர் நடந்துதான் போவார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஐம்பது தாண்டிய ஆள், தொப்பை குலுங்க, கையில் ஒற்றைச் சப்பாத்தோடு மைதானத்தைக் கடந்து ஓடுகிறேன். பின்னால் ஆறடி மனிதன் ஒற்றைக் காலில் சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு, "டொக்டர், என்ட சப்பாத்து" என்று துரத்துகிறான். சனம் முழுக்க ஊளையிட்டது. மூலையில் நின்ற மான்கள்கூட ஓடிவிட்டன. நான் நிற்கவில்லை. வாசலில் நின்ற ஓட்டோவுக்குள் ஏறினேன். சப்பாத்தைப் பறிக்க அவனும் ஏறினான். ஓட்டோக்காரனிடம் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

பாதி வழியில் அவன் பறிப்பதை விட்டுவிட்டான். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டான். சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, எங்கே போகிறோம் என்று மறுபடியும் கேட்டான். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் போய்ப் பயம் வந்தது.

ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்கு மேல் சின்னதாக இரத்தம் கசிந்திருந்தது. அங்கேயே படுக்க வைத்துப் பார்த்தால் அடங்கிவிடும் என்று டொக்டர், உண்மையான டொக்டர், சொன்னார். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டிருந்தால் கொண்டுவந்திருக்கவே தேவையில்லை என்றும் சொன்னார். ஆளைக் குழப்ப வேண்டாம், மனதை அமைதியாக வைத்திருக்கச் சொன்னார்.

அதற்குள் மைதானத்திலிருந்து தொலைபேசியில் செய்தி வந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று, தோல்வி. கடைசி நேரத்தில் ஒரு கோர்னர், ஃபாரிஸ் நிற்கிற இடத்தில் யாரும் இருக்கவில்லை.

ஃபாரிஸ் கட்டிலில் கிடந்துகொண்டு ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டான். நான் நேர்மையான மனிதன் என்று எனக்கு ஒரு நினைப்பு, சொல்லிவிட்டேன். அவன் அழுதான். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டான். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன், அப்போதுதான் கேள்விப்பட்டவன் மாதிரி மறுபடி அழுதான். மூன்றாவது தடவையும் இதே கூத்து. அதற்குள் அவனுடைய மனைவி ரிஸ்னா கிண்ணியாவிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். அவன் நான்காவது தடவை கேட்க வாயைத் திறந்ததும் உள்ளே வந்தாள்.

"வெண்டுட்டீங்க. பேசாமப் படுங்க" என்றாள்.

அவன் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினான். நேர்மையாக நடந்துகொள்வதற்கும் ஒரு நேரம் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை எனக்குக் காட்டித் தந்தாள். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் அணி முழுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஃபாரிசைப் பார்க்க வந்தார்கள், அப்படியே என்னைக் கிழிக்கவும் வந்தார்கள். சுதன் தூக்கம் இல்லாத கண்ணோடு என் முன்னால் வந்து நின்று ஏதோ தொடங்கினான். நான் ரிஸ்னா சொன்னதைச் சொன்னேன், டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்தான். வாயை மூடினான். பிறகு எல்லோரையும் நடைபாதையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ரியூஷன் தொடங்கியது. ஆட்டம் எத்தனைக்கு எத்தனை, எங்களுடைய இரண்டாவது கோல் போட்டது யார், எப்படிப் போட்டான், கடைசிக் கோர்னரில் என்ன நடந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே விடை, ஒருவன் வாயிலும் பிசகக் கூடாது. கஜன் இரண்டாவது கோலைத் தானே போட்டதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான், அனுமதி கிடைத்தது. சுதன் ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க டொக்டர், கடைசிக் கோர்னர்ல என்ன நடந்தது?"

சுதன் பந்தைப் பிடித்தான் என்றேன் நான். பிழை. கம்பத்தில் பட்டு வெளியே போயிருக்க வேண்டும். கொஞ்சம் கவனமாயிருங்க என்று எனக்கு ஏச்சு விழுந்தது. அந்த ஏச்சை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனோம். ஃபாரிஸ் ஒவ்வொருவனாகக் கேட்டான், ஒவ்வொருவனும் பிசகாமல் சொன்னான். கஜன் தன் கோலைக் கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினான், கேட்டால் எனக்கே நேரில் பார்த்த மாதிரி இருந்தது. சுதன் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழகம் கீழ்ப் பிரிவுக்குத்தான் போனது. ஒப்பந்தம் போன பிள்ளைகளில் சிலர் கட்டாருக்குப் போனார்கள், சிலர் கடலுக்குப் போனார்கள். மாஸ்டர் இன்றைக்கும் என்னைக் கடையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பித் தேத்தண்ணி குடிப்பார். சரியான முடிவு எடுத்தால் கை தட்டுவார்கள் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கலாம்.

சில கிழமை கழித்து ஃபாரிசை மறுபடி டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இனி உதைபந்தாட்டம் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்து அங்கே கிடந்த ஒரு மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்தச் சப்பாத்தை நான் கழுவிக் காயவைத்து ஒரு பையில் கொண்டுபோயிருந்தேன். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன்.

"நாங்க தோத்தது எனக்கு அடுத்த நாளே தெரியும் டொக்டர்" என்றான் அவன்.

எப்படி என்று கேட்டேன். வென்றிருந்தால் சுதன் அழுதிருப்பான், அன்றைக்கு நின்று சிரித்தான், என்றான்.

அப்படியானால் ஏன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன்.

"பாவம், அவ்வளவு பேரும் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாங்க. கேக்காம விட்டா என்ன நினைப்பாங்க?"

 நான் பையை அவன் பக்கம் நீட்டினேன். அவன் அதற்குள் கையை விட்டு, சப்பாத்தின் அடியில் இருந்த முள்ளுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு பையை மடித்து என் மடியிலேயே திருப்பி வைத்தான்.

"நீங்களே வச்சிருங்க டொக்டர்" என்றான். "தந்தீங்கண்டா போட்டுடுவன்."